கீழடுப்பு

என் அண்ணி அசுந்தாவின் வீட்டில் இரண்டு சமையலறை. மேலே இருப்பது பார்ப்பதற்கு, நிலவறையில் இருப்பது சமைப்பதற்கு. எங்கள் தெருவில் இத்தாலியர் வீடு பலவும் அப்படித்தான் என்றாலும் அண்ணி அளவுக்கு யாரும் போனதில்லை. மேலடுப்பின் மீது லேஸ் துணி விரித்து, அதன்மேல் ஒரு பீங்கான் கோழியை உட்கார வைத்திருந்தாள். ஒருதடவை நான் அந்தக் கோழியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை.

இத்தாலியின் அப்ரூட்ஸோ மலைப்பக்கத்திலிருந்து எங்கள் ஒரெஸ்தே அண்ணனைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவில் இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்து இறங்கியபோது அவளுக்கு ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. மேல் சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்தது. போகிற வருகிறவர்கள் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று புது அடுப்பைப் பற்ற வைக்காமலே நின்று அழுவாளாம். அண்ணன் ஒருநாள் யாரோ கழித்துவிட்ட கேஸ் அடுப்பு ஒன்றை நிலவறைக்கு இறக்கி, "இங்க உன்னை எவன் பார்க்கப்போறான், சமைடி" என்றானாம். அதன்பிறகு அந்த இடம் அவளுடைய ராஜ்ஜியம். தக்காளிச் சாறு காய்ச்சி ஜாடிகளில் அடைத்ததும், இரும்பாலை வேலைநிறுத்தத்தின்போது தெருவுக்கே சூப் ஊற்றியதும், செத்த வீடுகளுக்குச் சட்டி சட்டியாக மக்ரோனி அனுப்பியதும் அங்கிருந்துதான்.

நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டை வாங்கிக்கொண்டு பல்பு தொழிற்சாலைக்குப் போய் வந்தேன். ஷிஃப்டு முடிந்து வந்தால் நேரே அண்ணியின் நிலவறைக்குத்தான் போவேன். நான் படியிறங்குவதற்குள் மேஜையில் என் தட்டு இருக்கும். என் வீட்டு அடுப்பில் காபியைத் தவிர நான் எதுவும் வைத்ததில்லை. வைக்கத் தெரியாது என்பதுதான் உண்மை.

அண்ணன் போன பிறகு கூரை ஒழுகியது, பனி தள்ள ஆளில்லை. அரிசோனாவிலிருந்து மகன் ரெனாட்டோ போனிலேயே எல்லாவற்றையும் முடிவு செய்தான். வீட்டை விற்றுவிட்டு, ஊருக்கு அந்தப் பக்கம் முதியோருக்கென்று கட்டியிருக்கும் அடுக்குமாடியில் அம்மா ஓர் அறை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அறையைப் போய்ப் பார்த்தோம். மூலையில் பூரான் சுருண்டு படுத்தமாதிரி ஒரு மின்சார அடுப்பு. இவள் போய்விட்டால் சாயங்காலம் நான் எங்கே போவேன் என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் வீடு விற்பதற்கு முன்னால் நகராட்சி ஆள் வந்து பார்த்து, குறை சொல்லி, அதைச் சரிசெய்த பிறகு சான்றிதழ் தரவேண்டும். அது இல்லாமல் கைமாற்ற முடியாது. வந்தவர் பெயர் நோவோட்னி. நல்ல மனுஷன்தான், ஆனால் குனிந்து பார்க்காத இடம் கிடையாது. கோழியைப் பூப்போல எடுத்து வைத்துவிட்டு மேலடுப்பைத் திருகினார்.

"கேஸ் வரலியேம்மா?"

"என்னைக்கும் வந்ததில்ல தம்பி."

அவர் அடுப்பின் கதவைத் திறந்தார். உள்ளே கம்பெனிக்காரன் வைத்த அட்டை அப்படியே இருந்தது. எங்கள் அண்ணன் மேலே போகவேண்டிய குழாயை அடைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் கீழே திருப்பிவிட்டிருக்கிறான்! அண்ணியைத் தவிர எவருக்கும் அது தெரியாது. நோவோட்னி நிலவறைக்கு இறங்கினார். தக்காளிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"இந்த வீட்டுல எத்தனை குடும்பம்?"

"நல்லா எண்ணிப் பாரு தம்பி. நான் ஒருத்திதான் நிக்கிறேன்."

"ரெண்டு அடுப்பு இருந்தா ரெண்டு குடும்பம்னுதான் நகராட்சி எடுத்துக்கும்மா. வாங்கறவங்க கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டுருவாங்கன்னு பயம். விக்கறதுன்னா இதை எடுத்துரணும். மேல இருக்கறது எரியணும்."

அண்ணி அவரை உட்கார வைத்து ஒரு தட்டு போட்டாள். மனுஷன் ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கீழடுப்பை அகற்றவும் என்று எழுதிக் கொடுத்தார்.

"தின்ன வாயைத் தொடைக்கலை, அதுக்குள்ள எழுதறதைப் பாருங்களேன்," என்றேன் அவர் போனதும்.

"அவன் வேலை அதுடி. பசியோட எழுதியிருந்தா இன்னும் நாலு குறை எழுதியிருப்பான்."

குழாய்க்காரன் வந்து மேலடுப்புக்கு கேஸ் கொடுத்தான். கீழடுப்பை ஏற்றிப்போக பழைய இரும்புக்காரன் வருவதாக இருந்த காலையில் நான் போய்ப் பார்த்தால், அண்ணி அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். உருக்கப்போகிற அடுப்புக்கு இடுக்கு இடுக்காக வினிகர் போட்டுத் தேய்க்கிறாள், பிணத்தைக் குளிப்பாட்டுவது போல. எனக்குத் தாங்கவில்லை. வண்டி வந்ததும் வாசலில் மறித்து, என் வீட்டு நிலவறையில் இறக்கச் சொன்னேன்.

"உனக்கெதுக்குடி இது? ஒரு முட்டை வேக வைக்கத் தெரியுமா?" என்றாள் அண்ணி.

"பூனை படுத்துக்கும்."

நோவோட்னி மறுபடி வந்த அன்று மேலடுப்பு எரிந்தது. அண்ணி அதில் முதன்முதலாகக் காபி வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, தன் சமையலறையிலேயே விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

"இங்கேர்ந்து உன் வாசல் முழுசா தெரியுதே எல்விரா. கீழ இருக்கற ஜன்னல்ல உன் காலு மட்டுந்தான் தெரியும். அந்தச் செருப்பு வர்றதைப் பார்த்துதான் தட்டு எடுத்து வைப்பேன். நீ காலை இழுத்துக்கிட்டு வந்தா, இன்னைக்கு வேலை ஜாஸ்தின்னு கொஞ்சம் கூடப் போடுவேன்."

இத்தனை காலம் கழித்துச் சொல்கிறாள். நான் மூக்கைச் சிந்துகிறமாதிரி திரும்பிக்கொண்டேன்.

மறுநாளே நகராட்சிக்குப் போனேன். என் நிலவறையில் கேஸ் அடுப்பு வைக்க முறையாக அனுமதி கேட்டேன். எங்கள் அண்ணனைப் போலத் திருட்டுக் குழாய் போடும் தைரியம் எனக்கில்லை. குழாய் வேலை முடிந்ததும் பார்க்க வந்தது அதே நோவோட்னிதான். அண்ணி அப்போது துணிமணிகளையும் சட்டிகளையும் பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தாள். முதியோர் அறையில் இடம் கொள்ளாத பெரிய சட்டி ஒன்றை எனக்குக் கொடுக்க எடுத்துக்கொண்டு என் நிலவறைப் படியில் இறங்கி வந்தாள்.

நோவோட்னி அடுப்பை ஏற்றி அணைத்தார். குழாயை மோந்து பார்த்தார்.

"நீங்க விக்கலை, குடியிருக்கீங்க. அதனால ரெண்டாவது அடுப்புக்குத் தடையில்ல. ஆனா ஒரே குடும்பம்னு எழுதித் தரணும். இந்த வீட்டுல எத்தனை குடும்பம்?"

"ஒண்ணு."

"யார் யாரும்மா?"

"நான். அப்புறம் எங்க அண்ணி."

படியில் சட்டி எதிலோ இடித்த சத்தம் கேட்டது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி நீ?"

"இப்பக் கேக்கறேன். வர்றீங்களா?"

நோவோட்னி பேனாவைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணி இறங்கி வந்து சட்டியை அடுப்பின்மேல் வைத்தாள். அது அசைகிறதா என்று இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்தாள், அதே நுனியால் அடுப்பு விளிம்பையும் துடைத்தாள்.

"அந்தக் கோழியை எங்க வைக்கறது?" என்று கேட்டாள்.

"என் மேலடுப்பு சும்மாதானே கிடக்கு," என்றேன்.