மண்ணெண்ணெயில் துடைத்த பறவை

எழுபதுகளின் நடுவில் நான் ஒரு சென்னை நாளிதழுக்குச் செங்கல்பட்டு நிருபர். செய்தியை உறையில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் அன்றிரவே அலுவலகம் சேரும். அன்று உறையைக் கொடுத்த பிறகுதான் பறவையைப் பார்க்கப் போனேன்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் வழியில் சதுரங்கப்பட்டினத்துக்காரர் ஒருவர் கூண்டுப் பறவைகள் விற்றார். குருவிகளுக்குச் சாயம் பூசி வெள்ளைக்காரர்களிடம் விற்பவர்கள் அப்போது உண்டு. இவரும் அப்படித்தான் என்று யாரோ சொன்னதை நம்பி எழுதி, அந்த உறையில் அனுப்பிவிட்டிருந்தேன்.

கூண்டில் ஒற்றைப் பறவை. பச்சை முதுகு, மஞ்சள் தொண்டை, சிவந்த அலகு. பாடிக்கொண்டிருந்தது.

"சாயம்தானே?" என்றேன்.

"இன்னா சார் நீ. அஸ்ஸாம் பக்கம் மலைக்காட்டுல மழையிலயே கெடக்குற பட்சி. மெட்ராஸ்ல ஒரு ஆளாண்ட வாங்கியாந்தேன்."

கூட்டம் சேர்ந்தது. "கழுவிக் காட்டேன் அண்ணாத்த" என்றார் ஒருவர். "ஆயில் பெயிண்டா இருந்தா கழுவுனா போவுமா?" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள்.

டீக்கடை அடுப்பிலிருந்து மண்ணெண்ணெய் கேட்டு வாங்கினேன். அவரே பறவையைப் பிடித்துக் காட்டினார். கைக்குட்டையை நனைத்து அதன் நெஞ்சை மூன்று முறை துடைத்தேன். துணியில் நிறம் ஒட்டவில்லை. இறகுகள் திரிதிரியாக ஒட்டிக்கொண்டு பறவை நடுங்கியது. பாட்டு நின்றுவிட்டது. அவர் வாயால் ஊதி ஊதி அதை உலர்த்தினார்.

தபாலாபீஸ் திறந்திருந்தது. அலுவலகத்துக்கு ஒரு டிரங்க் கால் போட்டிருந்தால் செய்தியை நிறுத்தியிருப்பார்கள். அந்த மாதம் ஏற்கெனவே என் செய்தி ஒன்றுக்கு மறுப்பு வெளியாகியிருந்தது. நான் பஸ் ஏறினேன்.

காலையில் செய்தி வந்தது. போலீஸ் அவருடைய கூண்டுகளை அங்கிருந்து அகற்றியது. மூன்றாம் நாள் அவர் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு, விசாரித்து என் வீட்டுக்கு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"பட்சி செத்துப் பூட்ச்சு சார். அத்த வுடு. சாயம் இல்லன்னு நீயே பாத்தியே, அத்த ஒரு வரி போடு. போலீஸாண்ட காட்டுனா மறுபடி குந்த வுடுவாங்க."

போடுவதாகச் சொன்னேன். மூன்று வரி எழுதினேன். அனுப்பவில்லை.

அவர் தினமும் மாமல்லபுரத்து டீக்கடையில் யாரையாவது பேப்பர் படிக்கச் சொல்லி, கடைசிப் பக்கம் வரை கேட்டுவிட்டுத்தான் எழுந்து போகிறார் என்று கடைக்காரர் சொன்னார். ஒரு வாரம் கழித்து, இப்போதெல்லாம் அவர் வருவதில்லை என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.