டப்பா மூடியில் அம்மாவின் பெயர்

பிலோமினா அக்கா இறந்த செய்தி போன செவ்வாய்க்கிழமை காலை வந்தது. நான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். அக்காவின் சுகாதார வேனை ஓட்டும் அண்ணன் போன் செய்தார்.

"மஞ்சு, அக்கா போய்ட்டாங்கம்மா. மேல்பட்டாம்பாக்கத்துல, தம்பி வூட்ல."

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வாயில் வந்தது. "இருமல் இருந்துச்சாங்க?"

"இல்லம்மா. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

எங்கள் வீட்டில் இருந்த காசநோய் அவருக்குத் தொற்றவில்லை என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அடுத்த நிமிடமே இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. அக்காவுக்கு நான் கடைசியாக ஒரு சீட்டு எழுதியிருந்தேன். அதை அவர் படித்தாரா என்று அப்போது எனக்குத் தெரியாது. இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். நான்கு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதித் தருகிறேன், யாராவது படியுங்கள்.

வெளிநாட்டு உதவியில் நடக்கும் காசநோய்த் திட்டத்துக்காக அக்கா எங்கள் காலனிக்கு வந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்பவர்களும் அவர்கள் குடும்பமும் இருக்கும் காலனி இது. இங்கே எல்லாம் ஆம்பளையின் டோக்கன் நம்பரில்தான் நடக்கும். என் அப்பா ஏழுமலை நானூற்றுப் பதினேழு. அம்மா "நானூத்திப் பதினேழு சம்சாரம்." நான் "நானூத்திப் பதினேழு பொண்ணு." முகாமிலும் அக்கா அதையே பின்பற்றினார். சளி எடுக்கப் பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு டப்பா கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு டப்பாவின் மூடியிலும் கறுப்பு மார்க்கரில் ஒரே நம்பரைத்தான் எழுதியிருந்தார்.

இருமிக்கொண்டிருந்தது அம்மா. அம்மாவால் தண்ணீர் தூக்க முடியாமல் போனதால்தான் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். ஆனால் பரிசோதனை முடிவு வந்தபோது, நானூற்றுப் பதினேழுக்கு நோய் என்று இருந்ததால் அப்பாவுக்குக் காசநோய் என்றும், அம்மா பேரில் எதுவும் வராததால் அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றும் சொன்னார்கள். கான்ட்ராக்டர் அப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்றார். அப்பா மாத்திரை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டார். அம்மா இருமிக்கொண்டே அவருக்குக் கஞ்சி வைத்தார்.

அப்பா சளியே கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. மூன்று நாள் தாள் ஒன்றில் எழுதி வைத்துக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் அக்கா ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி உள்ளே போனதும் அந்தச் சீட்டை அவர் ஹெல்மெட்டுக்குள் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அக்கா வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டினார். "என்னாது குத்துது?" என்று கழற்றினார். சீட்டைப் படித்தார். "ரெண்டு டப்பாவும் ஒரே நம்பர். அப்பா தரவில்லை. தந்தது அம்மா மட்டும்." அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

திரும்ப உள்ளே வந்தார். "சரோஜா, டப்பால துப்பினது யாரு?"

"நாந்தாங்க. அவரு மொத ஷிப்ட்டுக்குப் போய்ட்டாரு. அவரு டப்பாவுல கொண்ட ஊசி போட்டு வெச்சிகினு இருக்கேன்" என்று அம்மா அலமாரியைக் காட்டினார்.

அப்பா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா? நாலு நாளா ஒண்ணுக்கு செவப்பா போவுதே!"

"அது மாத்திர கலருண்ணே."

அம்மா சிரித்துச் சிரித்து இருமினார். அக்கா சிரிக்கவில்லை. அப்பா முன்னால் நின்று, "தப்பு என்னோடதுங்க. மூடியில நம்பர் எழுதினது நான்தான்" என்றார். லேப் மேலேயோ எங்கள் மேலேயோ பழி போட்டிருக்கலாம், நாங்களும் நம்பியிருப்போம். அன்றே அப்பாவின் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு நிறுத்தினார். இரண்டு பேருக்கும் மறுபடி பரிசோதனை நடந்தது. நோய் அம்மாவுக்குத்தான். அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்ற தாளோடு கான்ட்ராக்டரிடம் அக்காவே போய் நின்றார். மறுநாள் அப்பா ஷிப்ட்டுக்குப் போனார்.

அக்கா கிளம்பும்போது என்னிடம், "ஏன்டி, மூணு நாள் ஏன் வெச்சிகினு இருந்த?" என்று கேட்டார்.

"பேச வரலங்க."

"சரி, எழுதிப் போடு. என் ஹெல்மெட்டு காலியாத்தான் கெடக்குது."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் தபால் பெட்டி. எந்த வீட்டில் யார் இருமுகிறார்கள், யார் புருஷனுக்குப் பயந்து முகாமுக்கு வரவில்லை என்றெல்லாம் எழுதிப் போடுவேன். "சத்தமா பேசறவங்க சொல்றத மட்டும் எழுதிகினு போனா ரிஜிஸ்டர் ரொம்பும், நோயி போவாது" என்று அக்கா அடிக்கடி சொல்வார்.

திட்டத்துக்குப் பணம் தரும் வெளிநாட்டுக்காரர்கள் வந்த கூட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முகாமுக்கு ஆண்களும் பெண்களும் சமமாக வந்தார்கள் என்று திரையில் படம் போட்டார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா எழுந்தார். அவருடைய மேலதிகாரி, "மேடம், இன்னைக்கு வேண்டாமே" என்று மெதுவாகச் சொன்னது பின்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. அக்காவுக்கு வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

"வந்த பொம்பளைங்கள எண்ணினோம். ஒருத்தர் பேரையும் எழுதலீங்க" என்றார் அக்கா. "சமம்னு படத்துல வந்துடுச்சு. வூட்ல வரல." பிறகு தன் தவறை டப்பா முதல் மாத்திரை வரை சொன்னார்.

அம்மாவையும் சொல்லச் சொன்னார்கள். அம்மா உட்கார்ந்தபடியே, "என் சளிக்கு எங்க வூட்டுக்காரரு மாத்திர சாப்ட்டாருங்க" என்றார். சபை சிரித்தது. மொழிபெயர்த்த பிறகு வெளிநாட்டுக்காரர்கள் தனியாக ஒரு தடவை சிரித்தார்கள். சிரித்து முடித்து ஒரு அம்மையார் நோட்டில் நிறைய எழுதிக்கொண்டார். அக்காவின் வேலை போகவில்லை. அடுத்த மாதமே படிவம் மாறியது. ஒவ்வொரு பெண்ணுக்கும் சொந்த நம்பர், மூடியில் சொந்தப் பெயர். பெண்களுக்கான முகாம், குழாயில் தண்ணீர் நின்ற பிறகுதான் என்று நேரமும் மாறியது.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு அம்மாவுக்குக் குணமானது. அக்கா கடைசியாக வந்த அன்று ஹெல்மெட்டில் ஒரு சீட்டுப் போட்டேன். "அம்மா நின்று இளைப்பாறாமல் இரண்டு குடம் தூக்குகிறார். உங்களிடம் வாயால் சொல்ல வரவில்லை அக்கா." ஆனால் மழை பிடித்துக்கொண்டது. அக்கா ஸ்கூட்டரை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு வேனில் போய்விட்டார். மறுநாள் வேன் ஓட்டும் அண்ணன் வந்து அந்த ஹெல்மெட்டைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை ஓட்டிப் போனார். அதற்குப் பிறகு தம்பி வீட்டுக்குப் போன அக்கா காலனிக்குத் திரும்பி வரவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் அந்த அண்ணனிடம் போய் நின்றேன். நானாகப் போய் ஒருவரிடம் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, ஹெல்மெட்ல ஒரு சீட்டு இருந்துச்சுங்களா?"

"நெத்தியில குத்திச்சும்மா. அவங்க தபாலாச்சே, நான் பிரிக்கல. கொண்டு போய்க் குடுத்துட்டேன்."

"படிச்சாங்களா?"

"மூணு தடவ படிச்சாங்க. படிச்சிட்டு, ஸ்டேப்ளர் எங்கன்னு என்னைத்தான் தேட வுட்டாங்க."

வேனைத் திறந்து ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். சரோஜா என்ற பெயருக்கு நேராக, 'குணம்' என்று அக்கா எழுதியதற்குப் பக்கத்தில் என் சீட்டு இருந்தது. மூன்று இடத்தில் பின் அடித்திருந்தார்.

சீட்டை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது அம்மாவின் பெயரோடு இருக்கட்டும். ரிஜிஸ்டரில் செருகியிருந்த கறுப்பு மார்க்கரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த முகாமில் மூடிகளில் பெயர் எழுதும் வேலையை எனக்குத் தந்திருக்கிறார்கள். எழுத வேண்டுமானால் ஒவ்வொருவரிடமும் பெயரை வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்பேன் அக்கா.