வாங்கிலிருந்த ஆளைக் கைமாற்றிய வருஷம்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு வந்து, மல்கிரேவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். என் மேலதிகாரிதான் அந்தப் பகுதிக் கூடைப்பந்துக் கழகத்தின் தலைவர். என் நிறத்தையும் ஆறடி உயரத்தையும் பார்த்து என்ன நினைத்தாரோ, முதல் வாரமே பயிற்சிக்குக் கூட்டிப்போனார். நான் எறிந்த பந்து கூடைக்குக் கிட்டவும் போகவில்லை. அடுத்தது கூரை விளக்கில் பட்டது.

“சரி, நீ கணக்கைப் பார்” என்றார். அப்படித்தான் கழகத்தின் பொருளாளர் ஆனேன்.

முழுச் சம்பளம் வாங்கியவர் ஒருவர்தான், ஓர் அமெரிக்கர். மற்றவர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையும் பெற்றோல் காசும். அந்த ஆட்டப் பருவத்தில் பார்க்க வருகிற சனம் குறைந்துபோக, சம்பளச் செலவைக் குறைக்க வழி சொல்லும்படி தலைவர் கேட்டார். அமெரிக்கரைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஆகவே மாற்று ஆட்டக்காரர் உட்கார ஓரத்தில் போட்டிருந்த வாங்கைப் பார்த்தேன். தச்சு வேலை செய்கிற ஒரு நடுவயதுக்காரர் பருவம் முழுவதும் அதில் உட்கார்ந்திருந்தார். யாருக்காவது கால் சுளுக்கினால்தான் எழும்புவார். அவர் வாங்கிய காசை அவர் ஓடிய நேரத்தால் பிரித்துப் பார்த்தேன். நிமிடக் கணக்கில் அமெரிக்கரைவிட விலை கூடிய ஆட்டக்காரர் அவர்தான்! இதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெரிய பெருமை. நகரத்தின் மேற்குப் பக்கக் கழகமொன்று அவரை எடுத்துக்கொண்டு, சம்பளமே கேட்காத ஒரு பல்கலைக்கழக மாணவனைத் தரச் சம்மதித்தது.

விஷயத்தைத் தச்சரிடம் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. நான் போனபோது அவர் உடுப்பு மாற்றும் அறையில், வாயில் ஆணியோடு, கதவுப் பூட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். ஆணியை எடுத்துவிட்டு, “அங்கே வாங்குக்கு மெத்தை போட்டிருக்கா?” என்றார். பிறகு கை குலுக்கினார்.

அடுத்த பயிற்சிக்குப் பாதிப் பேர் வரவில்லை. இவ்வளவு நாளும் அவர்களை ஏற்றிவந்தது தச்சரின் வான் வண்டி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அமெரிக்கர் மட்டும் இரண்டு பெட்டிகளோடு மண்டப வாசலில் நின்றார்.

“இனி நான் எங்கே படுப்பது?”

இவ்வளவு காலமும் அவர் தச்சர் வீட்டுப் பின்னறையில் வாடகையில்லாமல் இருந்திருக்கிறார். சாப்பாடும் அங்கேதான். கழகத்துக்குச் செலவு வைக்காததால் அது என் கணக்குக்குள் வந்ததேயில்லை. இருப்பிடம் தருவது கழகத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. தனி வீடு எடுத்தால், நான் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு போய்விடும். தலைவர் என்னைப் பார்த்தார். மற்றவர்களும் என்னையே பார்த்தார்கள்.

“இவரை எங்க படுக்க வைக்கிறது?” என்று அன்றிரவு என் மனைவி குசினிக்குள், அடுப்படியில் வைத்து மெதுவாகக் கேட்டாள். “கால் கட்டிலுக்கு வெளியில நிக்குதப்பா.”

“காலடியில ஒரு மேசைக் கதிரையைப் போடும்” என்றேன்.

முதல் நாள் எங்கள் இருவருக்கும் என்று அவித்த பிட்டை அவர் தனியாகச் சாப்பிட்டு முடித்து, “மேடம், இன்னும் இருக்கா?” என்றார். மனைவிக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவள் சிரித்துக்கொண்டே திரும்ப அடுப்பை மூட்டினாள். சில வாரங்களில் ஆட்டம் பார்க்கவும் வரத் தொடங்கி, நடுவரைத் தமிழில் திட்டப் பழகிக்கொண்டாள்.

தச்சருக்குப் பதிலாக வந்த மாணவன், பல்கலைக்கழகச் சோதனை வந்ததும் ஆளே இல்லை. வெட்கத்தை விட்டு, தச்சரைத் திரும்பக் கேட்டு மேற்குக் கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அவரையா?” என்றார் அங்கத்தைய செயலாளர். “எங்கள் கூரை ஒழுக்கை அடைத்திருக்கிறார். இப்போது ஆடவும் விடுகிறோம். உங்கள் அமெரிக்கரைத் தந்தால் யோசிக்கலாம்.”

ஆண்டுக் கூட்டத்தில், சம்பளச் செலவு நன்றாகக் குறைந்துவிட்டது என்று தலைவர் அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். எதிர்ப்பே இல்லாமல் என்னைத் திரும்பவும் பொருளாளராக்கினார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன்.

“அப்ப வாற வருஷமும் அவர் இஞ்சதானே?” என்றாள். நான் “ஓம்” என்று சொல்ல முன்னரே, பிட்டுக்கு வறுக்க மாவை எடுத்துவிட்டாள்.