நான் மறைக்கச் சொன்ன தையல்

கம்பளை நகரில் மழை. ரயிலுக்கு நேரமிருப்பதால் ஒரு தையல் கடைக்குள் ஒதுங்கி நிற்கிறேன். மேசை முழுக்க, துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த ஒரு குழந்தைப் போர்வை. அடியில் பஞ்சு வைத்து, மேலே தையல் ஓட்ட வேண்டும். என்ன டிசைன் போடலாமென்று கடைக்காரப் பெண் துணியில் கோடு போடும் சோக்குக்கட்டியோடு யோசிக்கிறாள்.

கேட்காமலே வாயைத் திறக்கிறேன். "நெருக்கமா சுருள் சுருளாப் போடுங்க. கோணல்மாணலா தைச்சிருக்கிறதெல்லாம் மறைஞ்சிடும்."

அவள் வாசலோரக் கதிரையைப் பார்க்கிறாள். அங்கே மடியில் நனைந்த குடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவரும் மழைக்கு ஒதுங்கியவர் என்றே நினைத்திருந்தேன்.

"நான்தாங்க தைச்சேன்," என்கிறார். "மகளுக்குப் புள்ள பொறந்திருக்கு. எல்லாமே அவ சின்னதுல போட்ட சட்டைங்க. அதான் ஒவ்வொரு துண்டோட ஓரத்தையும் ஒட்டித் தையல் ஓட்டலாம்னு நெனச்சேன். சட்டை எடுப்பாத் தெரியுமில்ல."

"அதுதாங்க அழகாயிருக்கும்," என்கிறேன் அவசரமாக.

"வேணாங்க. சம்பந்தி வீட்டுல பார்ப்பாங்க. நீங்க சொன்ன மாதிரி மறைச்சிடட்டும்."

மஞ்சள் சட்டைத் துண்டின் மேல் சோக்கு முதல் சுருளைப் போடுகிறது. மழை விட்டுவிட்டது. வெளியே போக அந்தக் கதிரையைத் தாண்டித்தான் போக வேண்டும்.