அருவித் திரையும் ஆறுமணிக் குருவியும்

என் சித்தப்பா கல்யாணப் போட்டோக்காரர். உழவர்கரையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. மாப்பிள்ளை அழைப்பில் கேமராவோடு தெரு முழுக்கப் பின்பக்கமாகவே ஓடுவார். ஒரு கல் தடுக்காது. ஆனால் மனமெல்லாம் காட்டுப் பறவைகள் மேல். அதற்கென்றே நீளமான லென்ஸ் ஒன்றை வாங்கி ஸ்டுடியோ பீரோவில் பூட்டி வைத்திருந்தார். முகூர்த்தங்கள் ஓயாததால் ஒரு காட்டையும் அவர் கண்டதில்லை.

ஓர் ஐப்பசிக் காலையில் ஸ்டுடியோ கண்ணாடியில் மோதி விழுந்தது ஓர் ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. வாலைத்தான் தேட வேண்டும். வடக்கே ஏதோ மலையடிக் காட்டிலிருந்து வந்த களைப்பு. சித்தப்பா அதை ஆல்பப் பெட்டியில் வைத்து மூடினார். பறவைப் படப் போட்டி ஒன்றுக்கு அன்றுதான் கடைசி நாள். முதல் பரிசு, மேற்கு மலைக் காட்டில் ஒரு வாரம் தங்கிப் படமெடுக்கும் வாய்ப்பு. அவருக்கு நிலைகொள்ளவில்லை.

அவர் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மொட்டையடித்த குழந்தைகளை உட்காரவைத்துப் படமெடுக்கும், அருவி வரைந்த துணித் திரையை இறக்கினார். அதற்கு முன்னால் ஸ்டூல், ஸ்டூல் மேல் பிளாஸ்டிக் செடி, இரண்டு பக்கமும் குடை விளக்கு. பவுடர் போடாததுதான் குறை. கடைசியில் குருவியின் காலில் கட்ட நூல் எடுத்தார்.

"நூலு கட்டக் கூடாது சித்தப்பா."

"ரெண்டே நிமிஷம். கல்யாணப் பொண்ணே நிக்கிறா, இது நிக்காதா?"

"இது காடு இல்ல. துணி."

"படத்துல யாருக்குத் தெரியப் போவுது?"

"குருவிக்குத் தெரியும்!"

எனக்குப் பத்து வயது. அடங்காப்பிடாரி என்று வீட்டில் பேர் எடுத்தவள். அன்று அந்தப் பேரைக் காப்பாற்றினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன். "ஏய், எங்கடி தூக்கிட்டுப் போற?" என்ற சத்தம் பின்னால் கேட்டது. இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனை. வேப்பமரமும் முள்ளும் கணுக்கால் புதையச் சருகுமாகக் கிடக்கும். அங்கே பெட்டியைத் திறந்தேன். குருவி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு தத்தித் தத்தி நிழலுக்குள் போய், சருகைப் புரட்டிப் பூச்சி தேடத் தொடங்கியது.

சித்தப்பா வந்து சேர்ந்தார். அறைவார் என்று தெரிந்தும் நகராமல் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வெள்ளைச் சட்டையோடு சருகில் குப்புறப் படுத்துப் படமெடுத்தார்.

படத்தில் முக்கால்வாசி சருகு, ஒரு பால் கவர், மூலையில் கொஞ்சம் சிவப்பு. போட்டியில் ஒன்றும் கிடைக்கவில்லை. சித்தப்பா அதைப் பெரிதாக்கி, ஸ்டுடியோ வாசலில் இருந்த மணமக்கள் படத்தைக் கழற்றிவிட்டு மாட்டினார். "இன்னா சார், குப்பைய மாட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டவர்களோடு நான்தான் சண்டைக்குப் போனேன். சித்தப்பாவை ஓட்டத்தில் தோற்கடித்தேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். நான் செய்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஒன்று மட்டும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. பின்பக்கமாகவே ஓடத் தெரிந்தவர் என்னைத் தெருமுனையிலேயே பிடித்திருக்கலாம். அவரோ பீரோவைத் திறந்து, அந்த நீள லென்ஸை மாட்டிக்கொண்டல்லவா வந்தார்.