ஒரு நிறுத்தம் விட்டு ஒரு நிறுத்தம்

பாகலூரில் கம்பெனி பஸ் கிளம்பியதுமே முனிலட்சுமி கைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துப் பிரித்துவிடுவாள். அடுத்த நிறுத்தம் வரும்வரை தலை நிமிராது, உதடு மட்டும் அசையும். ஆள் ஏற்ற பஸ் நின்றதும் அட்டை மடங்கிவிடும். அங்கிருந்து அதற்கடுத்த நிறுத்தம்வரை, சன்னல் வழியே ரோஜாத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா வருவாள். பிறகு மறுபடி அட்டை. பக்கத்து இருக்கை நாகம்மா ஏதாவது பேச வேண்டுமென்றால் சும்மா இருக்கிற நிறுத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

அட்டையில் இருப்பது நாற்பத்திரண்டு ஒயர்களின் பட்டியல். காருக்குள் ஓடுகிற ஒயர்க் கட்டுகளைக் கோப்பதுதான் அவர்கள் வேலை. எந்த நிறம் எந்தத் துளைக்கு என்று அட்டையைப் பார்க்காமல் பதினொரு நிமிடத்தில் கோத்துக் காட்டினால் வேலை நிரந்தரமாகும். முனிலட்சுமி ஆறு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருக்கிறாள். வியாழக்கிழமை நடக்கும் தேர்வை விட்டால் வயது தாண்டிவிடும்.

இந்த முறையை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நானூறு மீட்டர் ஓடியவள். ஒரு சுற்று உயிரைக் கொடுத்து ஓடு, ஒரு சுற்று நட என்று பழக்கியிருந்தார் டிரில் மாஸ்டர். "காலுக்கு ஆவறது மண்டைக்கு மட்டும் ஆவாதா?" என்பாள். நிறங்களை மட்டும் வீட்டு மொழியான தெலுங்கில்தான் முணுமுணுப்பாள்.

ஷிப்ட் முடிந்து பயிற்சிப் பலகையில் கிடைக்கிற அரை மணி நேரத்திலும் இதே கதைதான். இரண்டு நிமிடம் பேய் பிடித்தவள்போலக் கோப்பாள். பிறகு விரல்களை உதறிவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பாள். கண்ணைத் திறந்ததும், போன தடவை தவறிய ஒயர் சரியான துளைக்குப் போய்விடும். மற்றவர்கள் நிறுத்தாமல் கோத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் கை சோர்ந்து தப்பையே பழகிக்கொள்கிறார்கள். ஆனால் உழைப்பாளி என்ற பெயர் அவர்களுக்குத்தான்!

பயிற்சிப் பலகைக்கு மேலே மாட்டியிருக்கிற கேமராவுக்கு இது புரியாமல் போனதில் தப்பில்லை. சூப்பர்வைசர் பிரதாப்புக்கு இரண்டு கண் இருக்கிறதே! ஒரு மாதப் பதிவில் அவள் கண் மூடி நின்ற காட்சிகளை மட்டும் பொறுக்கிப் பார்த்து, 'பயிற்சி நேரத்தில் தூங்குகிறார்' என்று எழுதிவிட்டார். கோத்த ஒயர்களில் எத்தனை சரி என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. நின்றபடியே ஒருத்தி முப்பது நாளும் எப்படித் தூங்குவாள் என்று கேட்க அந்த அலுவலகத்தில் நாதியில்லை. அசைகிற கைதான் உழைக்கிறது என்று நம்புகிறவர்களிடம் என்னத்தைச் சொல்ல? கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். தூங்கியதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் வேலை தங்கும், வியாழக்கிழமைத் தேர்வு போய்விடும். போடாவிட்டால் இரண்டும் போய்விடும்.

"நான் தூங்கல சார். வுட்டு வுட்டு செஞ்சாத்தான் மண்டையில ஏறுது."

"அந்தக் கதையெல்லாம் வேணாம்மா. கையெழுத்தப் போடு."

முனிலட்சுமி பேனாவை வாங்கினாள். சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவர் எதிரிலேயே கண்ணை மூடினாள். முழுசாக ஒரு நிமிடம். அவர் இரண்டு தடவை கூப்பிட்டும் திறக்கவில்லை. பிறகு தாளைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் முதல் ஒயரிலிருந்து நாற்பத்திரண்டாவது ஒயர்வரை நிறத்தையும் துளையையும் நிறுத்தாமல் எழுதினாள். எழுதி முடித்துத் தாளை அவர் பக்கம் தள்ளினாள். கைப்பையிலிருந்து, மடிப்பெல்லாம் கிழிந்துபோன அந்த அட்டையை எடுத்து, சரிபார்த்துக்கொள்ள அதன்மேல் வைத்தாள்.