துரைக்கு வைத்த பொட்டு

மலேசியாவில் கிள்ளானிலிருந்து செலாயாங் வரைக்கும் எந்தத் தமிழ்க் கல்யாணத்திலாவது மணவறைத் தூண் சாய்ந்திருந்தால், "இது பவுனம்மா போட்டதா இருக்காது" என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவி, கட்டிக்கொண்டவரோடு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, பூக்கட்டி விற்று, அப்படியே மணவறை வாடகைக்கு விடுவதில் இறங்கியவள் பவுனம்மாள். கணவர் காலமான பிறகும் தொழில் ஒருநாள் நிற்கவில்லை. லோரியின் முன்சீட்டில் வெற்றிலையோடு ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

புதிதாக ஒன்று ஊருக்குள் வந்தால் அது முதலில் தன் கடைக்கு வர வேண்டும் அவளுக்கு. மணமக்கள் நடந்து வரும்போது புகை கக்கும் மெஷின் வாங்கினாள். சோப்புக் குமிழி விடும் மெஷின் வாங்கினாள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அவள் கண் கம்ப்யூட்டர் மேல் விழுந்தது.

காரணம் மருமகன் பாலன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியன். பொழுதுபோக்காக வீட்டுக் கம்ப்யூட்டரில் பெயர்களைத் தங்க எழுத்தாக்கிச் சுழலவிட்டுக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, வாசல்ல ஆளு நுழையுறப்பவே அவங்க பேரு பெரிய ஸ்கிரீன்ல இப்படிச் சுத்துனா எப்படி இருக்கும்?" என்றாள் பவுனம்மாள்.

"பேரைத் தட்டுன ஒடனே சுத்தணும்னா இந்தக் கார்டு தாங்காது அத்தே. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வேணும்."

"வாங்குங்க லா! ஃபேக்டரிய விட்டுட்டு வந்து இதையே பாருங்க."

அவன் விட்டுவிட்டான். மகள் ரமணிக்குத்தான் வயிறு எரிந்தது. "மாசச் சம்பளத்த விட்டுட்டு ஸ்கிரீன்ல பேரு சுத்தப் போறீங்களா?" என்று இரண்டு பேரையும் ஒருபிடி பிடித்தாள். கடைசியில் ஒரு கெடு வைத்தாள். கிள்ளான் தம்புசாமி வீட்டுக் கல்யாணம்தான் முதல் ஆர்டர். அது ஒழுங்காக நடந்தால் சரி. சொதப்பினால் திங்கட்கிழமை பாலன் மறுபடி ஃபேக்டரி வாசலில் நிற்க வேண்டும். பழைய சூப்பர்வைசரிடம் அவளே பேசியும் வைத்துவிட்டாள்.

கார்டு வந்தது. முழங்கை நீளப் பச்சைப் பலகை. நடுவில் சீப்புப் பற்கள் மாதிரி அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்க, அவற்றின் மேல் பிஸ்கட் அளவில் ஒரு காற்றாடி. பெட்டிக்குள் நுழைய மாட்டேன் என்று அது அடம்பிடித்ததால், குறுக்கே இருந்த ஒரு தட்டைப் பாலன் கழற்றி நகர்த்த வேண்டியிருந்தது. மாட்டிய பிறகும் பெட்டியின் பக்கவாட்டு மூடியைப் போடவில்லை.

"கதவ மூடலையா மாப்ளே?"

"மூடினா வெந்துரும் அத்தே. இதுக்கு முதுகு மேல, முகம் கீழ. சிப்பு, காத்தாடி எல்லாம் கீழ்ப்பக்கம் தொங்குது. சூடு மேல ஏறப் பாக்கும், பலகை மறிக்கும். காத்தாடி சுத்திக் காத்த அடிச்சாத்தான் சூடு வெளிய போகும்."

பவுனம்மாள் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தாள். "தோட்டத்துல வெள்ளக்காரத் துரைக்கு அப்புறம், ஃபேன் இல்லாம வேல பாக்க மாட்டேன்னது இது ஒண்ணுதான்" என்றாள். அன்றிலிருந்து கார்டுக்குப் பெயர் துரை.

ஆயுத பூஜை வந்தது. லோரி, ஏணி, சுத்தியல், புகை மெஷின் எல்லாவற்றுக்கும் அவளே சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். பாலன் பூசணிக்காய் உடைக்க ரோட்டுக்குப் போயிருந்தான். கம்ப்யூட்டர் பெட்டிக்கு வைத்தாயிற்று. துரைக்கு? முதுகில் வைத்தால் மரியாதையாக இருக்காது. முகம் கீழே என்று மாப்பிள்ளையே சொல்லியிருக்கிறார். பெட்டிக்குள் கையை விட்டு, அடியில் தடவிப் பார்த்து, காற்றாடியின் நட்டநடுவில் தாராளமாக ஒரு சந்தனப் பொட்டு அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தாள்.

அடுத்த சில நாட்கள் துரை முனகினார். கடையில் ஏர்கான் இருந்ததால் தாக்குப்பிடித்தார். புதுக் காற்றாடி அப்படித்தான் சத்தம் போடும் என்று பாலன் நினைத்துக்கொண்டான்.

கிள்ளான் மண்டபத்தில் ஏர்கான் பேருக்குத்தான் இருந்தது. விருந்துக்கு முன் சாயங்காலம் ஒருதரம் ஓட்டிப் பார்த்தார்கள். மணப்பெண் புவனாவின் பெயர் தங்கமாய்ச் சுழன்று வந்தது. பவுனம்மாள் மகளைப் பெருமையோடு திரும்பிப் பார்ப்பதற்குள் திரையெல்லாம் கோடு கோடாகக் கிழிந்தது. கடைசி எழுத்து காணாமல் போய், படம் அப்படியே உறைந்துவிட்டது.

பெண்ணின் அப்பா தம்புசாமி ஓடி வந்தார். "என்னக்கா இது? எம் பொண்ணு பேரு 'புவ'ன்னு நிக்குது! பாசார்ல பழக்காரன் போர்டு மாட்டுன மாதிரி!"

மலாயில் பழத்துக்கு 'புவா' என்றுதான் பேர். மாப்பிள்ளை வீட்டார் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமையை அவள் எண்ணிக்கொண்டிருப்பது போலிருந்தது பவுனம்மாளுக்கு.

பாலன் டார்ச்சை அடித்துக் கார்டின் அடியில் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அத்தே... இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

"நாந்தான். முகம் கீழ இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பாலன் வாயைப் பொத்திக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. காய்ந்த சந்தனம் தூளாகிக் காற்றாடியின் அச்சுக்குள் இறங்கியிருந்தது. சுரண்டிப் பார்த்தான், ஊதிப் பார்த்தான், விரலால் தள்ளிப் பார்த்தான். காற்றாடி அசையவில்லை.

"இப்ப கோலாலம்பூருக்குப் போயி வேற வாங்கிட்டு வர முடியாது. ஹைவேல ஜாம். பெட்டியப் படுக்க வச்சா கார்டு நிமிந்து நிக்கும், சூடு தகட்டு நடுவுல மேல போயிரும். ஆனா காத்து வேணும் அத்தே."

பவுனம்மாள் மணவறைப் பக்கம் நின்ற பெரிய ஃபேனைப் பார்த்தாள். தம்புசாமி அதன்முன் கையை விரித்துக்கொண்டு நின்றார். "அது மட்டும் முடியாதுக்கா! அத எடுத்தா பொண்ணு மேக்கப்பு பூரா சேலையில வடிஞ்சிரும்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். வரவேற்பு மேசையில் மிச்சக் கல்யாணக் கார்டுகள் கிடந்தன. தம்புசாமி கௌரவத்துக்கு அடித்த கார்டு, பலகை மாதிரி கனம். ஒன்றை எடுத்து, மேசைக்குப் பின்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, படுத்துக் கிடந்த பெட்டிக்குள் விசிறத் தொடங்கினாள். தகடு மெல்ல ஆறியது. பாலன் மறுபடி ஓட்டினான். பெயர் முழுசாகச் சுழன்றது.

"நிறுத்திராதீங்க அத்தே!"

ஆனால் விருந்தாளிகள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "அக்கா, மாலைத் தட்டு எங்க? புகை மெஷின் யாரு போடுறது?" என்று தம்புசாமி கத்தினார். பவுனம்மாள் எழுந்தால் துரை வெந்துவிடுவார், எழாவிட்டால் கல்யாணம் நின்றுவிடும். கை விசிற, கண் மணவறைக்குப் போக, அவள் தவித்த தவிப்பைப் பார்த்துவிட்டு ரமணி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடும்மா. நீ போ."

பவுனம்மாள் மாலைத் தட்டோடு ஓடினாள். புகை எழுந்தது. வாசலில் நுழைந்த ஒவ்வொருவர் பெயரும் திரையில் பொன்னாகச் சுழன்றது. கிழவர் ஒருவர் தன் பெயரைப் பார்த்துவிட்டு வெளியே போய், இன்னொருதரம் உள்ளே வந்தார். மாப்பிள்ளை வீட்டாரில் இரண்டு பேர் தங்கள் கல்யாணத்துக்கும் இதே வேண்டும் என்று அவளிடம் தேதி சொன்னார்கள். தம்புசாமி அத்தனை பேரையும் கூட்டிவந்து 'புவனா'வை எழுத்தெண்ணிக் காட்டினார்.

சாப்பாட்டுப் பந்தி எழுந்த பிறகுதான் பவுனம்மாள் மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கல்யாணக் கார்டு வளைந்து நொந்துபோயிருந்தது. ரமணியின் முகமெல்லாம் வியர்வை. விசிறுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"கை போச்சு" என்றாள் கணவனிடம். "திங்கக்கிழம மொத வேலையா போயி காத்தாடி ரெண்டா வாங்கிட்டு வாங்க. ஒண்ணு ஸ்பேரு. அத அம்மா கைக்கு எட்டாத எடத்துல வைங்க."

பவுனம்மாள் காதில் விழாத மாதிரி, நேராக நின்ற மணவறைத் தூணை இன்னும் கொஞ்சம் நேராக்கப் போனாள்.